கொமியூனிட்டி கொலேஜில் பொறியியல்

மகன் பொறியியல் படிக்க அமெரிக்கா போகிறான் என்று சொல்லும் வாப்பாமார் சிலர், "ஆனா கொமியூனிட்டி கொலேஜ்தான்" என்று குரலைத் தாழ்த்திக்கொள்வார்கள். தாழ்த்தத் தேவையில்லை. ஆனால் அது என்னவென்று தெரிந்துகொண்டு அனுப்புவது நல்லது.

இந்தக் கல்லூரிகளில் பழையது 1901இல் இலினோய் மாநிலத்தின் ஜோலியட் நகரில் தொடங்கியது. 'கொமியூனிட்டி கொலேஜ்' என்ற பெயரைப் பரவலாக்கியது, ஜனாதிபதி ட்ரூமன் நியமித்த உயர்கல்வி ஆணைக்குழு 1947இல் வெளியிட்ட அறிக்கை. இன்று கலிபோர்னியாவில் மட்டும் 116 இருக்கின்றன.

பொறியியலில் முழுப் பட்டத்துக்காகப் பெரும்பாலானோர் இங்கே சேருவதில்லை. முதல் இரண்டு வருடப் பாடங்களை இங்கே முடித்து, பல்கலைக்கழகத்தின் மூன்றாம் வருடத்துக்கு மாறுவதுதான் வழக்கம். பட்டத்தைக் கொடுப்பது அந்தப் பல்கலைக்கழகம்.

பொதுப் பொறியியல் என்கிறார்களே, அது சாத்தியமாவது எப்படி? சிவிலோ, மெக்கானிக்கலோ, எலக்ட்ரிக்கலோ, அடித்தளம் பெரும்பாலும் ஒன்றுதான்: நுண்கணிதம் மூன்று பகுதி, வகையீட்டுச் சமன்பாடுகள், நேரியல் அட்சரகணிதம், நுண்கணிதத்தோடு பௌதிகவியல், இரசாயனவியல், கொஞ்சம் கணினி நிரலாக்கம். அதற்கு மேலேதான் பிரிவு தலைகாட்டும். சிவில், மெக்கானிக்கலுக்கு நிலையியல், எலக்ட்ரிக்கலுக்கு மின்சுற்று, இரசாயனப் பொறியியலுக்குப் பல இடங்களில் சேதன இரசாயனம். ஆக 'பொது' என்பதை 'பிறகு பாத்துக்கலாம்' என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. இரண்டாம் வருடம் தொடங்குமுன் பிரிவைத் தீர்மானிக்காதவன் பெரும்பாலும் ஒரு தவணையையாவது இழப்பான்.

இன்னொன்று, கணிதம் ஒரு சங்கிலி. முதலாம் பகுதி முடியாமல் இரண்டாம் பகுதி இல்லை. பௌதிகவியலின் இயக்கவியல் பாடத்துக்கும் நுண்கணிதம் வேண்டும், நிலையியலுக்கு அந்தப் பௌதிகவியல் வேண்டும். நுண்கணிதத்துக்குக் கீழே இருந்து தொடங்குகிறவனுக்கு இரண்டு வருடம் மூன்றாகிவிடும். நம்மட உயர்தர இணைந்த கணிதத்தை ஒழுங்காகப் படித்த பிள்ளைக்கு இங்கேதான் பெரிய இலாபம். வகையீடும் தொகையீடும் அவனுக்குப் புதிதல்ல.

அதைவிடப் பெரிய குழி ஒன்று உண்டு. ஒரே கல்லூரியில் 'பொறியியல்' என்றும் 'பொறியியல் தொழில்நுட்பம்' என்றும் இரண்டு கற்கைநெறிகள் இருக்கும். பின்னையது பெரும்பாலும் நேரே வேலைக்குப் போகிறவர்களுக்கானது. அதன் கணிதம் வேறு. பிரயோக விஞ்ஞான டிப்ளோமாவை முடித்துவிட்டுப் பொறியியல் பீடத்தின் மூன்றாம் வருடத்தைக் கேட்டால், பல பாடங்களை ஏற்கமாட்டார்கள். பெயர்கள் ஒன்றுபோலவே இருப்பதால் ஏமாறுகிறவர்கள் இருக்கத்தான் செய்கிறார்கள். கலிபோர்னியாவில் எந்தக் கல்லூரியின் எந்தப் பாடத்தை எந்த அரச பல்கலைக்கழகம் ஏற்கிறது என்பதை 'அசிஸ்ட்' என்ற பொதுத் தளத்தில் வரிக்கு வரி பார்க்கலாம். பெர்க்லி, லொஸ் ஏஞ்சலிஸ், சான் டியேகோ வளாகங்கள் உறுதியளிக்கப்பட்ட இடமாற்றத் திட்டத்தில் இல்லை என்பதையும் அறிந்துகொள்ள வேண்டும். அங்கே போட்டிதான்.

காசுக் கதைக்கு வருவோம். கலிபோர்னியாவில் ஒரு அலகுக்கு 46 டொலர் என்று கேட்டதும் மலைத்துப் போவோம். அது அந்த மாநிலத்தில் நிரந்தரமாக வசிப்பவர்களுக்கு. மாணவர் விசாவில் போகிற நம் பிள்ளை சாச்சா வீட்டில் தங்கினாலும் வெளிநாட்டவன்தான். கட்டணம் பல மடங்கு. முதல் வருடச் செலவுக்குப் பணம் இருப்பதை விசாவுக்குக் காட்டவும் வேண்டும். தவணைக் காலத்தில் வளாகத்துக்குள் வாரம் 20 மணித்தியாலம் வரைதான் வேலை செய்யலாம். அதை நம்பிக் கட்டணம் கட்ட முடியாது. அப்படியும் பல்கலைக்கழகத்தில் நான்கு வருடம் இருப்பதைவிட இந்த வழியில் செலவு குறைவு, வகுப்புகளும் சிறியவை. மூன்றாம் வருடத்திலிருந்து பல்கலைக்கழகக் கட்டணம் வரும். அந்த இரண்டு வருடக் கணக்கையும் போகுமுன்பே போட்டுப் பார்த்துவிட வேண்டும்.