போனவரே திரும்பி வந்தார்

2023 செப்டம்பர் 3. கொல்கத்தா சால்ட் லேக் மைதானத்தில் பரம வைரி ஈஸ்ட் பெங்காலை 1-0 என்று வீழ்த்தி டுராண்ட் கோப்பையைத் தூக்கியது மோகன் பகான். அந்த ஆண்டு மார்ச்சில்தான் ஐ.எஸ்.எல். கோப்பையும் கிடைத்திருந்தது. பயிற்சியாளர் ஹுவான் ஃபெராண்டோ அன்று ஹீரோ. சரியாக நான்கு மாதம் கழித்து, 2024 ஜனவரி 3 அன்று அவருக்கு வேலை போனது.

காரணம் தேடி அலைய வேண்டியதில்லை. நவம்பரில் ஏ.எஃப்.சி. கோப்பையில் ஒடிசாவிடம் 2-5. டிசம்பரில் மும்பை, கோவா, கேரளா என்று வரிசையாக மூன்று தோல்விகள். அதில் கோவாவிடம் சொந்த மண்ணிலேயே 1-4. அந்த கோவா அணியிலிருந்துதான் 2021 டிசம்பரில், சீசன் பாதியில், ஒப்பந்தத் தொகையைக் கட்டி ஃபெராண்டோவை அழைத்து வந்திருந்தார்கள்.

சீசன் நடுவே இருபத்தைந்து வீரர்களை மாற்ற முடியாது. அவர்களுடைய ஒப்பந்தங்கள் அப்படி. ஒரே ஒருவரை மாற்றலாம். எந்த நாட்டு கிளப்பானாலும் கணக்கு இதுதான். ஆனால் மோகன் பகானில் மாற்று ஆள் ஏற்கனவே சம்பளப் பட்டியலில் இருந்தார்: டெக்னிக்கல் டைரக்டர் அந்தோனியோ ஹபாஸ். 2021 டிசம்பரில் இதே நாற்காலியிலிருந்து இறங்கிப் போனவர். அவருடைய இடத்துக்குத்தான் ஃபெராண்டோ வந்தார். முந்தைய பயிற்சியாளர் டைரக்டராக உட்கார்ந்திருக்கும் கிளப்பில், மூன்று தோல்வி என்றால் எப்படித் தூக்கம் வரும்?

ஹபாஸ் உடனே களத்தில் இறங்கவில்லை. ஜனவரியில் நடந்த சூப்பர் கோப்பைக்கு உதவிப் பயிற்சியாளர் கிளிஃபோர்ட் மிராண்டாதான் பொறுப்பு. ஈஸ்ட் பெங்காலிடம் 1-3 என்று அணி வெளியேறியது. இடைக்காலத்தில் மாட்டிக்கொள்பவருக்குப் பெருமையும் இல்லை, அனுதாபமும் இல்லை.

பிப்ரவரியில் ஹபாஸ் வந்ததும் கதை மாறியது. ஃபெராண்டோவின் 10 லீக் ஆட்டங்களில் 19 புள்ளிகள். மீதி 12 ஆட்டங்களில் 29. ஏப்ரல் 15 அன்று, 60,000-க்கும் மேற்பட்ட ரசிகர்கள் முன்னிலையில் மும்பையை 2-1 என்று வென்று, மோகன் பகான் முதல் முறையாக லீக் ஷீல்டைக் கைப்பற்றியது. நீக்கியது சரிதான் என்று நிர்வாகம் மார்தட்டிக்கொள்ளலாம். ஆனாலும் அந்த 19 புள்ளிகள் இல்லாமல் ஷீல்டு வந்திருக்காது.

மே 4 அன்று கோப்பைக்கான இறுதிப் போட்டியில் அதே மும்பையிடம் 1-3 என்று தோல்வி. அடுத்த சீசனுக்கு ஹபாஸ் இல்லை. ஹோஸே மொலினா வந்தார். 2024-25-ல் ஷீல்டு, கோப்பை இரண்டையும் வாங்கித் தந்தார். 2025 நவம்பரில் அவரும் போனார். அந்த இடத்துக்கு செர்ஜியோ லொபேராவின் பெயர் அறிவிக்கப்பட்டது.