குவாதலூப்புக்கு உல்லாசப் பயணமா? பெட்டி கட்டுமுன் சில கணக்குகள்

மேற்கிந்தியத் தீவுகள் என்றதும் நம்மவர்களுக்கு நினைவு வருவது கிரிக்கெட்தான். சோபர்ஸ், லாயிட், ரிச்சர்ட்ஸ் என்று பெயர்கள் வரிசையாக வந்து நிற்கும். ஆனால் அந்தத் தீவுக் கூட்டத்தில் பிரெஞ்சு பேசும் தீவுகளும் உண்டு. ரிச்சர்ட்ஸ் பிறந்த ஆன்டிகுவாவுக்குத் தெற்கே, சிறகு விரித்த பட்டாம்பூச்சி போல ஒரு தீவு இருக்கிறது. பெயர் குவாதலூப். 1493-இல் கொலம்பஸ் வைத்த பெயர் அது. 1946 முதல் பிரான்சின் ஒரு மாவட்டம். செலாவணி யூரோ. ஜனத்தொகை 4 லட்சத்துக்கும் குறைவு.

இந்தத் தீவைப் பற்றி எழுதக் காரணம் ஒரு பிரயாணத் திட்டம். அல்சூரில் எனக்குத் தெரிந்த தம்பதிக்கு அண்மையில் மணிவிழா நடந்தது. வெளிநாட்டில் வேலை பார்க்கும் மகன், "வாழ்நாளில் ஒரு தடவையாவது ராஜா மாதிரி போய் வாருங்கள்" என்று பணம் அனுப்பிவிட்டார். பிரயாண ஏஜெண்டு ஒருவர் பத்து நாள் திட்டம் போட்டுத் தந்தார். பெரியவர் அதை என்னிடம் கொண்டு வந்து, "நீங்கள் ரயில்வேக்காரர் ஆயிற்றே, சரியாக இருக்கிறதா என்று ஒரு பார்வை பாருங்கள்" என்றார்.

கரிபியன் கடலை நான் கண்ணால் கண்டவன் அல்ல. ஆனாலும் ஒரு திட்டத்தில் எந்த இடத்தில் வண்டி தவறும் என்று கண்டுபிடிப்பது ரிசர்வேஷன் கவுண்டரில் உட்காருகிறவனுக்குக் கைவந்த வேலை. தட்டச்சு செய்த அந்த நாலு பக்கத்தில் இடறும் இடங்கள் பல இருந்தன.

முதலாவது, மாதம். செப்டம்பர் என்று போட்டிருந்தது. கட்டணம் குறைவுதான், குறைவதற்குக் காரணமும் இருக்கிறது! அங்கே ஜூன் முதல் நவம்பர் வரை புயல் காலம். அதிலும் ஆகஸ்டு, செப்டம்பர் மாதங்கள் மோசம். 1989 செப்டம்பரில் ஹியூகோ என்ற புயல் குவாதலூப்பைப் புரட்டிப் போட்டது. ரயில் ரத்தானால் நாங்கள் பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிடுவோம். வில்லாக்காரர் கொடுப்பாரா என்பது ஒப்பந்தத்தின் கடைசிப் பக்கத்தில் பொடி எழுத்தில் இருக்கும். டிசம்பர் முதல் மே வரைதான் வறண்ட, இதமான காலம். கிறிஸ்துமசும் பிப்ரவரியில் வரும் பிரெஞ்சுப் பள்ளி விடுமுறையும் கூட்டம் அலைமோதும் நாட்கள். அவற்றைத் தவிர்த்து, ஐந்தாறு மாதம் முன்பே பதிவு செய்வது உத்தமம்.

இரண்டாவது, விசா. பெரிய தொகை வீணாகக்கூடிய இடம் இதுதான். திட்டத்தில் 'ஷெங்கன் விசா' என்று மட்டும் இருந்தது. குவாதலூப் பிரான்சைச் சேர்ந்தது என்றாலும் ஷெங்கன் எல்லைக்குள் வராது. பாரிசுக்குச் செல்லுபடியாகும் சாதாரண விசா அங்கே செல்லாது. கடல் கடந்த பிரெஞ்சு மாவட்டங்களுக்கென்று தனி அனுமதி வேண்டும். விண்ணப்பத்திலேயே தீவின் பெயரைத் தெளிவாக எழுதிக் கேட்க வேண்டும். பாரிசில் வெளியே வந்து விமானம் மாறுகிறவர்களுக்கு இரண்டும் தேவை. பிரெஞ்சுத் துணைத் தூதரகம் பெங்களூரிலேயே இருக்கிறது. விசா கைக்கு வராமல் திரும்பப் பெற முடியாத டிக்கெட்டுக்குப் பணம் கட்ட வேண்டாம்.

மூன்றாவதைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இங்கிருந்து போகும் விமானம் இறங்குவது பாரிசின் வடக்கே உள்ள சார்ல் த கோல் நிலையத்தில். குவாதலூப் விமானங்களில் பெரும்பாலானவை புறப்படுவது தெற்கே உள்ள ஓர்லி நிலையத்தில். இரண்டுக்கும் இடையே சுமார் 40 கி.மீ. நமது சிட்டி ஸ்டேஷனிலிருந்து ஓசூர் போகிற தூரம்! அதற்குக் கொடுத்திருந்த அவகாசம் மூன்று மணி நேரம். குடியேற்றச் சோதனை, பெட்டிக்குக் காத்திருப்பது, சாலை நெரிசல், மறுபடியும் பெட்டி ஒப்படைப்பது எல்லாம் அதற்குள். ஒரே டிக்கெட்டில் இரண்டு பிரயாணமும் இல்லாவிட்டால், தவறிய விமானத்துக்கு யாரும் பொறுப்பேற்க மாட்டார்கள். பாரிசில் ஓர் இரவு தங்குவதே புத்திசாலித்தனம். பத்து மணி நேரத்துக்கு மேல் பறந்து வந்தவர்கள் மேலும் எட்டரை மணி நேரம் பறக்க வேண்டும். அறுபது வயது முழங்கால்களையும் நினைத்துப் பார்க்க வேண்டுமல்லவா? அங்கே போய் இறங்கினால் கடிகாரத்தை நம் நேரத்திலிருந்து ஒன்பதரை மணி பின்னுக்குத் தள்ள வேண்டும்.

எங்கே தங்குவது?

அங்கே பெரிய ஐந்து நட்சத்திர ஓட்டல்கள் மிகச் சிலவே. நீச்சல் குளத்தோடு கூடிய தனி வில்லா, வீட்டுக்கே வந்து சமைக்கும் ஆள், மாலுமியோடு வாடகைக்கு எடுக்கும் படகு இவைதான் அங்கத்திய ஆடம்பரம். ஆகவே வில்லாவைத் தேர்ந்தெடுப்பதில்தான் சூட்சுமம்.

பட்டாம்பூச்சியின் கிழக்குச் சிறகு கிராந்த்-தேர். சுண்ணாம்புப் பாறையில் அமைந்த சமவெளி, வெண்மணல் கடற்கரைகள். மேற்குச் சிறகு பாஸ்-தேர். மலை, மழைக்காடு, 1467 மீட்டர் உயரமுள்ள சூஃப்ரியேர் எரிமலை. 1976-இல் அது சீறியபோது 70 ஆயிரத்துக்கும் அதிகமானோரை மாதக்கணக்கில் வெளியேற்றி வைத்திருந்தார்கள். நடுவே உப்பாறு என்று பொருள்படும் ஒரு குறுகிய நீர்க்கால்.

2011 முதல் அட்லாண்டிக்கைப் பார்த்த கரைகளில் சர்காசம் என்ற பழுப்புக் கடற்பாசி சில பருவங்களில் குவிந்து அழுகுகிறது. நாற்றம் அழுகிய முட்டை நாற்றம். காசைக் கொட்டி மூக்கைப் பொத்திக் கொண்டு உட்காருவதா? தெஷே, புய்யாந்த் ஆகிய மேற்குக் கரை ஊர்களுக்கு இந்தத் தொல்லை குறைவு. புய்யாந்த் அருகே பவளப் பாறைகளுக்கு மேல் அடியில் கண்ணாடி பதித்த படகில் போகலாம். நீந்தத் தெரியாதவர்களும் மீன்களைப் பார்க்கலாம்.

இன்னொரு கேள்வியையும் கேட்டுவிட வேண்டும்: "தண்ணீர்த் தொட்டி இருக்கிறதா?" நம்பினால் நம்புங்கள், அருவிகள் கொட்டும் அந்தத் தீவில் பழைய குழாய்கள் ஒழுகி, பல ஊர்களில் முறை வைத்துத்தான் தண்ணீர் விடுகிறார்கள். பெங்களூர்வாசிக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

கடற்கரையில் சிவப்புப் பட்டை தீட்டிய மரத்தைக் கண்டால் விலகிப் போங்கள். மான்சினியே என்னும் அந்த மரத்தின் சிறிய ஆப்பிள் போன்ற காயும் விஷம், பாலும் விஷம். மழைக்குக்கூட அதன் அடியில் ஒதுங்கக் கூடாது.

சைவர்களுக்குச் சாப்பாடு சிரமமே. ஆனால் வில்லா சமையற்காரரிடம் கிறிஸ்தோஃபின் என்று கேட்டால் என்ன வரும் தெரியுமா? சௌசௌ! தமிழ்நாட்டில் 'பெங்களூர் கத்தரிக்காய்' என்பார்களே, அதேதான். பூசணியும், சீமைப்பலாவும், பருப்பும் தாராளமாகக் கிடைக்கும். பயணத்தில் ரயில் கிடையாது; வாடகைக் கார்தான். சாலையின் வலப்பக்கம் ஓட்ட வேண்டும். புதியவர்கள் ஓட்டுனரோடு எடுப்பது நல்லது.

திட்டத்தில் இல்லாத நாள்

ஏஜெண்டின் பத்து நாளில் செல்வந்தர்களின் தீவான சேன்-பார்த்துக்குச் சிறு விமானத்தில் ஒரு நாள் இருந்தது. சுமார் 650 மீட்டரே நீளமுள்ள ஓடுபாதையில் இறங்கும் அனுபவத்துக்காகவே பலர் போகிறார்களாம். இருக்கட்டும். ஆனால் காப்பெஸ்தேர் என்ற ஊருக்கு அரை மணி நேரம்கூட ஒதுக்கப்படவில்லை. அந்த அம்மாளிடம் இதைச் சொன்னபோது, "அங்கே என்ன இருக்கிறது, தம்பி?" என்று கேட்டார்.

சாங்ழி என்ற இடத்தில், சாலையோரமாக, வண்ணம் தீட்டிய கோபுரத்தோடு ஒரு கோயில் இருக்கிறது. மாரியம்மனை அவர்கள் 'மாலியெமின்' என்கிறார்கள். மதுரை வீரன் 'மால்தெவிலின்' ஆகிவிட்டான். கும்பிடுகிறவர்கள் பேசுவது கிரியோல் மொழி. தமிழ்ப் பாட்டுகளைப் பொருள் தெரியாமலே தலைமுறை தலைமுறையாகப் பாடி வைத்திருக்கிறார்கள்.

பிரான்ஸ் 1848-இல் அடிமை முறையை ஒழித்தது. கரும்புத் தோட்டங்களுக்கு ஆள் வேண்டும். 1854 டிசம்பரில் 'ஒரேலி' என்ற கப்பல் முதல் கூலியாட்களைக் கொண்டு போய் இறக்கியது. 1889 வரை சுமார் 42 ஆயிரம் பேர் போனார்கள். கல்கத்தா வழியாகச் சென்ற வடநாட்டவர் உண்டு. புதுச்சேரி, காரைக்கால் துறைமுகங்களில் ஏறிய தமிழர் ஏராளம். ஐந்து வருஷ ஒப்பந்தம் என்று சொல்லித்தான் கூட்டிப் போனார்கள். திரும்பி வந்தவர்கள் கொஞ்சம். அங்கேயே மண்ணானவர்கள்தான் அதிகம்.

அவர்களுடைய பிள்ளைகளுக்கு ஓட்டுரிமையும் இல்லை. அந்த உரிமைக்காகக் காப்பெஸ்தேரில் பிறந்த ஹென்றி சிதம்பரம் 1904-இல் தொடங்கிய போராட்டம் 1923-இல்தான் வென்றது. பின்னாளில் அதே வம்சாவளியைச் சேர்ந்த ஏர்னஸ்ட் முத்துசாமி பிரெஞ்சு நாடாளுமன்றத்தில் உறுப்பினராக அமர்ந்தார்.

ஓட்டலில் 'கொலம்போ' என்று பரிமாறுவது நம் மசாலாக் குழம்பின் பேரப்பிள்ளை. வரவேற்கும் பெண்கள் தலையில் கட்டியிருக்கும் கட்டம் போட்ட துணிக்குப் பெயர் 'மத்ராஸ்'. இவற்றை எல்லாப் பயணிகளும் பார்க்கிறார்கள். எங்கிருந்து வந்தது என்று தெரிந்து பார்ப்பவர்கள் எத்தனை பேர்?

என் யோசனைப்படி சேன்-பார்த் நாள் அப்படியே இருக்கலாம். கார்பே அருவிக்குப் போகும் நாளோடு காப்பெஸ்தேரைச் சேர்த்துக் கொண்டால் போதும். அருவிக்கு ஏறும் வழியே அந்த ஊர்தான். அருவியின் இரண்டாவது வீழ்ச்சி 110 மீட்டர் உயரம். காலையில் அருவி, மதியம் கோயில். பிவான்-ஆ-பித்ர் நகரில் பழைய சர்க்கரை ஆலை இருந்த இடத்தில் 2015-இல் திறந்த அடிமை முறை நினைவகத்துக்கு இன்னொரு அரை நாள்.

கோயில் பூஜைகளில் ஆடு வெட்டுவது உண்டு. சைவர்கள் முன்கூட்டியே விசாரித்துக் கொண்டு வேறு நாளில் போகலாம். கற்பூரத்தை விமானப் பெட்டியில் வைக்கக் கூடாது. தீப்பற்றும் பொருள் என்று எடுத்துவிடுவார்கள். மஞ்சளுக்கும் குங்குமத்துக்கும் அந்தத் தடை இல்லை. பூவும் பழமும் அங்கேயே சந்தையில் வாங்கிக் கொள்ளலாம்.