பட்டறைக் கூரைக்கு ஒரு காற்றாலைச் சக்கரம்

விருதுநகரை ஒட்டிய சூலக்கரை சிட்கோ தொழிற்பேட்டை போன்ற இடங்களில், மே மாதப் பிற்பகலில் ஒரு லேத் பட்டறையின் வேலையைக் கெடுப்பது வெயிலைவிடத் தகரக் கூரையின் வெக்கைதான். கூரை உயரத்தில் இருக்கிறது. காய்ந்த தகரம் அந்த வெப்பத்தைக் கீழே நிற்பவரின் தலைமேல் இறக்குகிறது. இதற்கு நம் பட்டறைகள் வைத்திருக்கும் வைத்தியம் தூணுக்குத் தூண் ஒரு பெடஸ்டல் ஃபேன். அது ஒருவர் முதுகில் அடிக்கும். அடுத்த மெஷினில் நிற்பவருக்கு வேர்த்துக் கொட்டும். கிரைண்டரின் தூசியைக் கிளப்பி எல்லார் கண்ணிலும் போடும். தண்ணீர் இறைக்கப் பயன்பட்ட பழைய காற்றாலையின் சக்கரத்தைப் பழைய இரும்புக் கடையிலிருந்து மீட்டு, கூரையில் தலைகீழாகத் தொங்கவிட்டு, மோட்டார் வைத்துச் சுற்றினால் இதைவிட நல்ல காற்று கிடைக்கும் என்பது என் வாதம். அழகுக்காக மாட்டும் வேலையாக இதைப் பார்க்கக் கூடாது. உரிய கவனத்தோடு செய்தால் இது பொறியியல் கணக்குக்குப் பொருந்தும் வேலை.

எந்தக் காற்றாலை என்பதில் குழப்பம் வேண்டாம். முப்பந்தலிலும் கயத்தாற்றிலும் மின்சாரம் எடுக்கும் மூன்று இறக்கை ராட்சதர்களுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. இது வட்டமாகப் பல தகடுகள் நெருக்கமாகப் பொருத்திய, மெதுவாகச் சுற்றும் இறைப்புச் சக்கரம். அமெரிக்காவில் டேனியல் ஹாலடே 1854-இல் இந்த வகைக்கு வழி திறந்தார். பின்னர் தாமஸ் பெர்ரி ஆயிரக்கணக்கான சோதனைகள் செய்து, வளைந்த எஃகுத் தகடே சிறந்தது என்று நிறுவினார்; 1888-இல் ஏர்மோட்டார் நிறுவனம் அதைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. இந்தியாவில் பெங்களூரு தேசிய வானூர்தி ஆய்வகம் 1960-களில் இத்தகைய இறைப்புக் காற்றாலையை வடிவமைத்தது. அதன்பின் 12 தகடுகளும் 5 மீட்டர் விட்டமும் கொண்ட '12-பியு-500' பல மாநிலங்களில் நிறுவப்பட்டது. ஆரோவில்லிலிருந்து 'ஏவி-55' வந்தது. தமிழ்நாட்டில் இவை ஓய்ந்துபோனதற்குக் காரணம் காற்றுக் குறைவு அல்ல. 1990 முதல் விவசாயத்துக்கு மின்சாரம் இலவசமானது. கிணற்றுத் தண்ணீர் போர்வெல் ஆழத்துக்கு இறங்கியது. பிஸ்டன் பம்பு எட்ட முடியாத ஆழத்திலிருந்து நீர்மூழ்கி மோட்டார் இறைத்தது. பம்புக்கு வேலை போனது, ஆனால் சக்கரம் கெட்டுவிடவில்லை.

அந்தச் சக்கரம் ஏன் நல்ல காற்றாடி ஆகும்? வீட்டில் மாட்டும் 1200 மில்லிமீட்டர் ஃபேன் நிமிடத்துக்கு முந்நூறு தடவைக்கு மேல் சுற்றி ஒல்லியான, வேகமான காற்றுத் தாரையை அனுப்புகிறது. ஒரு தாரை எவ்வளவு தூரம் வலுவிழக்காமல் போகும் என்பதை அதன் குறுக்களவுதான் தீர்மானிக்கிறது. ஒல்லியான தாரை உயரமான கூரையிலிருந்து தரைக்கு வருமுன் சுற்றியுள்ள காற்றில் கரைந்துவிடும். பருமனான தாரை தரைவரை வந்து நாலாபக்கமும் பரவும். செலவுக் கணக்கும் இதற்குச் சாதகம்தான். ஒரே வடிவக் காற்றாடியின் விட்டத்தை இரட்டித்து, அதே அளவு காற்றைத் தள்ளச் சொன்னால், சுற்றும் வேகம் எட்டில் ஒரு பங்காகவும் தேவைப்படும் திறன் பதினாறில் ஒரு பங்காகவும் குறையும். காற்றின் வேகமும் நாலில் ஒரு பங்காகும் என்பதை மறைக்கக் கூடாது. ஆனால் வேர்த்த உடம்புக்குப் புயல் தேவையில்லை. நொடிக்கு ஒரு மீட்டர் வேகத்தில் காற்று தவழ்ந்தாலே, வெப்பம் ஏறத்தாழ மூன்று டிகிரி இறங்கியது போல உடம்பு உணரும். கலிபோர்னியப் பால் பண்ணைகளில் மாடுகளின் வெக்கையைத் தணிக்க 1990-களில் உருவான பெரிய, மெதுவான காற்றாடிகள்தான் இன்று உலகெங்கும் கிடங்குகளிலும் ஆலைகளிலும் சுழல்கின்றன. அவற்றின் அடிப்படைத் தத்துவம் இதுவே.

மாற்றும் வேலையில் பலரும் தவறவிடக்கூடிய ஒன்று திசை. காற்றாலையில் தகட்டின் குழிந்த பக்கம் காற்றைப் பார்த்து நிற்கும். காற்றாடியில் அந்தக் குழிந்த பக்கம் தரையைப் பார்க்க வேண்டும். சக்கரம் முன்பு சுற்றியதற்கு எதிர்த்திசையில் சுற்ற வேண்டும். பழைய திசையிலேயே சுற்றினால் காற்று கூரையை நோக்கிப் போகும், அதுவும் அரைகுறையாக. அடுத்தது பாரம். கோபுரத்தில் சக்கரம் படுக்கைத் தண்டில் இருந்தது. இப்போது முழு எடையும் தண்டைக் கீழ்நோக்கி இழுக்கிறது. ஆகவே பழைய பேரிங் உதவாது, கீழிழுப்பைத் தாங்கும் த்ரஸ்ட் பேரிங் வேண்டும். ஐந்து மீட்டர்ச் சக்கரத்துக்குக் கியர் பெட்டியோடு ஒரு குதிரைத்திறன் அளவிலான மோட்டாரும், மெல்லக் கிளப்ப விஎஃப்டி டிரைவும் போதும். நிமிடத்துக்கு முப்பது, நாற்பது சுற்றுக்கு மேல் போகக் கூடாது. கோபுரத்தில் நல்ல காற்றில் அது ஓடிய வேகமும் கிட்டத்தட்ட இதுதான் என்பதால் தகடுகளுக்குப் புதிய சோதனை ஏதுமில்லை. தகரத்தைத் தாங்கும் பர்லினில் தொங்கவிடுவது உயிரோடு விளையாடுவது. ட்ரஸ்ஸின் முடிச்சிலோ தனிக் கர்டரிலோ மாட்டி, சக்கரம் தன்னைச் சுற்றும்போது கூரையைத் திருகாதபடி நாலு பக்கமும் கம்பி இழுத்துக் கட்ட வேண்டும். தண்டு முறிந்தாலும் சக்கரம் கீழே விழாதபடி இரும்பு வடம் ஒன்றும் அவசியம். ட்யூப்லைட் சக்கரத்துக்கு மேலே இருந்தால் நிழல் வெட்டி வெட்டி விழுந்து, சுற்றும் லேத் சக்கைப் பார்ப்பவரின் கண்ணை ஏமாற்றும். விளக்கைச் சக்கரத்துக்குக் கீழே இறக்க வேண்டும்.

பல வருடம் வெயிலிலும் மழையிலும் கிடந்த இரும்பை ஆள் தலைக்கு மேல் தொங்கவிடலாமா என்று கேட்பவர் நியாயமாகவே கேட்கிறார். கண்ணுக்குத் தெரியாத விரிசல், ரிவெட்டைச் சுற்றிய துரு இரண்டும் இருக்கக்கூடும். சாயம் ஊற்றி விரிசல் பார்க்கும் சோதனை சிறு பட்டறைக்கும் எட்டக்கூடியதுதான். அதில் தேறாத தகட்டை மாற்ற வேண்டும், ஒட்டுப் போடக் கூடாது. போல்ட்டுகள் மொத்தமும் புதிதாக இருக்க வேண்டும். இவ்வளவு பாடுபடுவதற்குப் புதிய பெரிய காற்றாடியே வாங்கலாமே என்பது இன்னொரு வாதம். காசிருப்பவர் வாங்கலாம், இறக்கை வடிவத்தில் அவை உயர்ந்தவை, மின்சாரமும் குறைவாகக் குடிக்கும். லேத்தும் வெல்டிங்கும் கையில் வைத்திருப்பவருக்கு, மோட்டாரும் டிரைவும் மட்டும் விலைக்கு வாங்கி மீதியைத் தானே செய்துகொள்வது பெரிய மிச்சம். எந்தக் காற்றாடியும் காற்றைக் குளிர்விப்பதில்லை, வேர்வையை உலர்த்துகிறது, அவ்வளவே. வெப்பம் 40 டிகிரியைத் தாண்டினால் காற்றாடி உடம்பை இன்னும் சூடாக்கும் என்று உலக சுகாதார நிறுவனம் எச்சரிக்கிறது. அந்த நாட்களில் தண்ணீரும் ஓய்வும் வேலை நேர மாற்றமும்தான் துணை. 2024-இல் தமிழ்நாடு அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்ததை முதலாளிகள் மனத்தில் கொள்ள வேண்டும். வேலைத்தலத்தில் காற்றோட்டம் வேண்டும் என்பது 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 13-ஆவது பிரிவிலேயே வந்துவிட்டது.

இது எல்லாக் கூரைக்கும் ஏற்றதல்ல. சிவகாசிப் பக்கம் பட்டாசு மருந்து கலக்கும், அடைக்கும் அறைகளில் இதைப் பற்றி நினைக்கவே கூடாது. அங்கே மோட்டாரின் ஒரு பொறி போதும். அசையும் காற்று மருந்துத் தூளைக் கிளப்பிப் பரப்பும். தீக்குச்சிக்கு மருந்து முக்கும் இடத்துக்கும் இதே தடைதான். வாயுக் கவசத்தோடு மிக் வெல்டிங் செய்யும் மூலையிலும் காற்று கவசத்தைக் கலைத்துவிடும். அட்டைப்பெட்டி ஒட்டும் கூடத்திலோ காகிதம் கலையாத இந்த மெல்லிய காற்று வரம். பருப்பு மில்லின் மூட்டை அடுக்கும் கூடத்துக்கும் மோட்டார் ரீவைண்டிங் பட்டறைக்கும் பொருந்தும்.

ஒன்றில் மட்டும் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். கிணற்றில் இன்னும் கைக்கெட்டும் ஆழத்தில் தண்ணீர் இருந்து, கோபுரம் உறுதியாக நின்று, பம்பின் வாஷர் மட்டும் போயிருந்தால் அந்தச் சக்கரத்தைக் கழற்றக் கூடாது. வாஷரை மாற்றினால் அது கரண்டே இல்லாமல் மறுபடியும் தண்ணீர் இறைக்கும். பட்டறைக்குக் கிணறு வற்றியதன் சக்கரம் வரட்டும், கோபுரம் சாய்ந்ததன் சக்கரம் வரட்டும், எடைக்குப் போடத் தராசில் ஏறிவிட்டது வரட்டும்.