பஞ்சாயத்துக் கணக்கின் கடவுச்சொல்

மதுரையிலிருந்து கொல்லம் செல்லும் நெடுஞ்சாலையில், திருவில்லிபுத்தூருக்குச் சற்று வடக்கே, வத்திராயிருப்புச் சாலை பிரியும் இடத்தில் அமைந்துள்ளது கிருஷ்ணன்கோவில். சிட்டா நகல், வருமானச் சான்று, உதவித்தொகை விண்ணப்பம் முதலியவற்றுக்காக முன்னாளில் கர்ணத்தின் வீட்டுத் திண்ணையில் காத்திருந்த உழவர், இன்று இத்தகைய சாலைச் சந்திப்பு ஊர்களில் உள்ள கணினி மையங்களை நாடுகின்றனர். பஞ்சாயத்து அலுவலகத்திலும் இதே மாறுதல்தான். வீட்டு வரி ரசீதும், வேலைத் திட்டமும், பணப் பட்டுவாடாவும் கணினி வழியே நடைபெறுகின்றன. 2020ஆம் ஆண்டு ஏப்ரல் 24ஆம் நாள் மத்திய அரசு தொடங்கிய இ-கிராம சுவராஜ் தளம், பஞ்சாயத்தின் திட்டங்களையும் கணக்கையும் ஒரே இடத்தில் சேர்த்து வைத்துள்ளது. இவை அனைத்தும் கடவுச்சொல் எனப்படும் ஒரு சொல்லைத் தட்டினால் திறந்துகொள்ளும்.

பஞ்சாயத்துக் காசோலையில் தலைவரும் துணைத் தலைவரும் சேர்ந்து கையொப்பமிட வேண்டும் என்பது நம் மாநிலத்தில் நெடுநாளாக உள்ள முறை. ஒருவர் தனியே ஊர்ப் பணத்தை எடுத்துவிடலாகாது என்பதே அதன் நோக்கம். ஆனால் இருவரும் தத்தம் கடவுச்சொல்லை ஒரே கணினி இயக்குநரிடம் கொடுத்து, ‘நீரே பார்த்துக்கொள்ளும்’ என்று சொல்லிவிட்டால், இரு சாவிகளும் ஒரே மடியில் சேர்ந்துவிடுகின்றன. கணினி ஆளின் முகத்தைப் பார்ப்பதில்லை. சொல் சரியாக இருந்தால் கதவைத் திறக்கிறது. சொல்லுக்கு உரியவர் பெயரையே பதிவேட்டில் எழுதிக்கொள்கிறது. பின்னர் தணிக்கை வரும்பொழுது விடை சொல்ல வேண்டியவரும் அவரே.

இதனால் விளையும் கேடு எத்தகையது என்பதை நம் மாநிலமே ஒருமுறை கண்டது. உழவர் குடும்பத்திற்கு ஆண்டொன்றுக்கு 6,000 ரூபாயை மூன்று தவணையாக வழங்கும் பிரதம மந்திரி கிசான் திட்டம் 2019 பிப்ரவரியில் தொடங்கப்பெற்றது. மறு ஆண்டு, கொரோனா நோய்க் காலத்தில், கள்ளக்குறிச்சி, விழுப்புரம், கடலூர் முதலிய மாவட்டங்களில் நிலமே இல்லாத பலர் இத்திட்டத்தின் பட்டியலில் ஏறியிருந்தது தெரியவந்தது. வேளாண்மைத் துறை அலுவலர்களுக்கு அளிக்கப்பட்டிருந்த பயனர் பெயரும் கடவுச்சொல்லும் ஒப்பந்தப் பணியாளர்களுக்கும் தனியார் கணினி மையங்களுக்கும் எட்டியிருந்தன. அவற்றைக் கொண்டு தரகர்கள் ஆள்களைச் சேர்த்தனர். 2020 செப்டம்பரில் அரசு வெளியிட்ட கணக்கின்படி, தகுதியற்றவர் ஏறத்தாழ ஐந்தரை இலட்சம் பேர். அவர்களுக்குச் சென்ற தொகை 110 கோடி ரூபாய். சி.பி.சி.ஐ.டி. போலீசார் விசாரணை மேற்கொண்டனர். ஒப்பந்தப் பணியாளர் பலர் நீக்கப்பட்டனர். அலுவலர் சிலர் தற்காலிகப் பணி நீக்கத்திற்கு உள்ளாயினர். பணம் வந்த ஏழைகளில் பலர் அதைக் கொரோனா நிவாரணம் என்றே நம்பியிருந்தனர். அவர்தம் வங்கிக் கணக்குகளிலிருந்து அப்பணம் திரும்ப எடுக்கப்பட்டது.

இந்நிகழ்ச்சியில் எவரும் இரவில் பூட்டை உடைக்கவில்லை என்பதை வாசகர் கவனிக்க வேண்டும். சொல் கைமாறியது, அவ்வளவே. கைமாறுவதற்குச் சோம்பல் ஒன்றையே காரணமாகச் சொல்வது நியாயமாகாது. வேலை மிகுதி, கணினிப் பழக்கமின்மை, ‘இன்று மாலைக்குள் பதிவு முடிய வேண்டும்’ என்னும் அவசரம் ஆகியவையும் உண்டு. ஆகவே, விவரம் பதிபவருக்கு ஒரு கணக்கும், ஒப்புதல் அளிப்பவருக்கு வேறொரு கணக்கும் இருத்தல் வேண்டும். உதவியாளர் எவ்வளவு நம்பிக்கைக்கு உரியவராயினும், தட்டச்சு வேலையை அவரிடம் விடலாம். ஒப்புதல் சொல்லை விடலாகாது. நேர்மையான உதவியாளருக்கும் அதுவே பாதுகாப்பு. பின்னொரு நாள் அவர்மீது வீண்பழி விழாது.

இனி, நல்ல கடவுச்சொல்லை அமைப்பது எங்ஙனம்? ஆண்டாள் பெயரோடு 123 சேர்த்து வைப்பதும், பால்கோவா என்று ஆங்கில எழுத்தில் எழுதி ஆண்டைச் சேர்ப்பதும் நம் பக்கத்தில் எவருக்கும் முதலில் தோன்றுபவை. திருட வருபவருக்கும் அவையே முதலில் தோன்றும். பிள்ளையின் பெயர், வண்டி எண், கைபேசி எண் ஆகியவையும் அப்படியே. எட்டுச் சிறிய ஆங்கில எழுத்துகளை எப்படி மாற்றி அடுக்கினாலும் கிடைப்பவை ஏறத்தாழ 20,880 கோடி சொற்கள். இது பெரிய எண்ணாகத் தோன்றலாம். ஆனால் ஓர் அலுவலகத்தின் கடவுச்சொல் பட்டியல் களவு போய், அதனை விநாடிக்கு நூறு கோடி முறை ஒப்பிட்டுப் பார்க்கும் கணினி ஒன்று கிடைத்துவிட்டால், நான்கு நிமிடத்திற்குள் அத்தனையும் முடிந்துபோகும்.

நீளமே வலிமை தரும். ஒன்றோடொன்று தொடர்பில்லாத ஐந்து சொற்களை எடுத்துச் சேர்த்து எழுதலாம். கலப்பை, நாணயம், மழைக்குடை, ஏலக்காய், தபால் என்பதுபோல. (இங்கே அச்சேறிவிட்டதால் இந்த ஐந்தையும் எவரும் எடுத்துக்கொள்ள வேண்டாம்.) பத்தாயிரம் சொற்கள் கொண்ட அகராதியைக் கண்ணை மூடிப் புரட்டி ஐந்து சொற்களை எடுத்தால், முன் சொன்ன அதே கணினிக்கு அனைத்தையும் முயன்று பார்க்க மூவாயிரம் ஆண்டுகளுக்கு மேலாகும். பாட்டின் வரியையோ பழமொழியையோ எடுத்தல் பயன் தராது. அவை பிறரும் அறிந்தவை. சில அரசுத் தளங்கள் நீளத்திற்கு வரம்பு கட்டி, எண்ணும் குறியும் கேட்கும். அங்கே, தமக்கு மட்டுமே தெரிந்த ஒரு நீண்ட வாக்கியத்தின் முதலெழுத்துகளை வரிசையாக எடுத்து, நடுவே எண்ணையும் குறியையும் நுழைக்கலாம். ஒரு தளத்தின் சொல்லை மற்றொன்றில் வைத்தல் கூடாது. ஓரிடத்தில் களவு போனது மற்றோரிடத்தையும் திறந்துவிடும்.

சொல்லை எப்பொழுது மாற்ற வேண்டும்? மூன்று மாதத்திற்கு ஒருமுறை என்பது பல அலுவலகங்களின் விதி. விதி இருக்குமிடத்தில் பின்பற்ற வேண்டியதே. ஆயினும், 2003இல் அமெரிக்கத் தர நிறுவனத்திற்காக இவ்விதிகளை வகுத்த பில் பர் என்பவரே, 2017இல் அவற்றில் பெரும்பாலானவற்றுக்காகத் தாம் வருந்துவதாகக் கூறினார். அதே ஆண்டில் அந்நிறுவனமும் தவணை வைத்து மாற்றும்படி வற்புறுத்த வேண்டாம் என்றது. அடிக்கடி மாற்றச் சொன்னால் மக்கள் கடைசியில் உள்ள 1ஐ 2 ஆக்கிவிட்டுப் போகிறார்கள். சொல் வெளியே தெரிந்தது என்ற ஐயம் எழுந்தாலும், ஆள் மாறினாலும் அன்றே மாற்றிவிட வேண்டும்.

ஆள் மாறும் வேளையே மிகவும் ஜாக்கிரதையாக இருக்க வேண்டிய வேளை. 2019 டிசம்பரில் தேர்தல் நடந்த விருதுநகர் உள்ளிட்ட மாவட்டங்களில், பஞ்சாயத்துத் தலைவர்களின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5ஆம் நாள் முடிந்து, தனி அலுவலர்கள் பொறுப்பேற்றனர். இத்தகைய நாளில் பணப் புத்தகமும் ரசீதுப் புத்தகமும் எண்ணி ஒப்படைக்கப்படுகின்றன. கடவுச்சொல்லை ஒரு துண்டுத்தாளில் எழுதிக் கொடுப்பது ஒப்படைப்பு ஆகாது. பழைய பொறுப்பாளரின் அனுமதி நீக்கப்பட்டுப் புதியவருக்குத் தனியே கணக்குத் திறக்கப்பட வேண்டும். கணக்கோடு பதிந்துள்ள கைபேசி எண்ணையும் மின்னஞ்சலையும் உடனே மாற்ற வேண்டும். பழைய எண் அப்படியே இருந்தால், ‘கடவுச்சொல் மறந்துவிட்டது’ என்று ஒரு பொத்தானை அழுத்தி, வரும் ஒருமுறை எண்ணைக் கொண்டு எவரும் உள்ளே நுழைந்துவிடலாம். நாம் மாற்றிய சொல் எவ்வளவு நீளமாயினும் அப்பொழுது உதவாது. மின்னணுக் கையொப்பச் சாவியும் பெட்டிக்குள் செல்ல வேண்டிய பொருளே. கணினியிலேயே செருகி விட்டுச் செல்வது தகாது.

மறதியுள்ளவர் சொல்லைத் தாளில் எழுதி வீட்டுப் பெட்டியில் பூட்டி வைப்பதில் தவறில்லை. திரையின் ஓரத்திலும், மேசைக் கண்ணாடியின் கீழும் ஒட்டுவதே தவறு. கணினி மையத்தில் ‘சொல்லைச் சேமிக்கவா?’ என்று திரை கேட்டால் வேண்டாம் என்று அழுத்தி, வேலை முடிந்ததும் வெளியேறும் பொத்தானையும் தட்டிவிட்டு எழுந்திருக்க வேண்டும். உழவர்கள் தம் கைபேசிக்கு வரும் ஒருமுறை எண்ணைத் தாம் முன்னின்று செய்யும் வேலைக்கன்றிப் பிறருக்குச் சொல்லலாகாது.

சொல் களவு போயிற்று என்று தோன்றினால், வேறொரு நல்ல கணினியிலிருந்து முதலில் அதை மாற்றிவிட்டு, வட்டார வளர்ச்சி அலுவலருக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும். பணம் போயிருந்தால் 1930 என்னும் எண்ணுக்குத் தாமதமின்றிப் பேச வேண்டும். விரைவில் தெரிவித்தால் பணம் கைமாறுமுன் நிறுத்திவைக்க இயலும். பிறருடைய கடவுச்சொல்லையோ மின்னணுக் கையொப்பத்தையோ வஞ்சகமாகப் பயன்படுத்துவோருக்குத் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66சி பிரிவின்படி மூன்றாண்டு வரை சிறையும் ஓர் இலட்சம் ரூபாய் வரை அபராதமும் விதிக்கலாம்.