ஒலித் தொகுப்பும் பென் பர்ட்டும்

படப்பிடிப்பு முடிந்தபின் வசனம், பின்னணிச் சத்தம், சிறப்பு ஒலிகள் ஆகியவற்றைத் திரட்டி, வெட்டி, காட்சியில் உரிய இடத்தில் பொருத்துவது ஒலித் தொகுப்பு. படப்பிடிப்புத் தளத்தில் மைக் முக்கியமாகப் பிடிப்பது நடிகர்களின் பேச்சைத்தான். காலடி ஓசை, கதவு சாத்தும் சத்தம், மழை, வாகன இரைச்சல் போன்றவை பெரும்பாலும் பிறகு சேர்க்கப்படுபவை. இவற்றின் அளவுகளைச் சமன்செய்து ஒன்றாக்குபவர் ஒலிக்கலவையாளர். அவருக்கு வேண்டிய ஒலிகளைத் தயாரித்துத் தருபவர் ஒலித் தொகுப்பாளர்.

இத்துறையின் போக்கை மாற்றியவர்களில் ஒருவர் அமெரிக்கரான பென் பர்ட். 1948இல் பிறந்த இவர், அலகெனி கல்லூரியில் இயற்பியலும் தென் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் திரைப்படக் கலையும் பயின்றார். ஜார்ஜ் லூகாஸ் இயக்கி 1977இல் வெளிவந்த ‘ஸ்டார் வார்ஸ்’ இவருக்குப் புகழ் தேடித்தந்தது. அதுவரை அறிவியல் புனைவுப் படங்களில் மின்னணுக் கருவிகளின் ஒலிகளே மிகுதி. லூகாஸ் காட்ட விரும்பியதோ, புழங்கித் தேய்ந்த, நம்பத்தக்க ஓர் உலகம். எனவே பர்ட் டேப் ரெக்கார்டருடன் புறப்பட்டு, விலங்குகளிடமும் இயந்திரங்களிடமும் ஒலி திரட்டினார்.

அப்படத்தின் வீரர்கள் ஏந்தும் ஒளிவாளின் ஒலி இதற்கு நல்ல சான்று. பழைய புரொஜெக்டர் மோட்டாரின் ரீங்காரத்தோடு, பழுதான மைக் வயர் தொலைக்காட்சிப் படக்குழாய்க்கு அருகில் வந்தபோது எழுந்த இரைச்சலையும் பர்ட் சேர்த்தார். அந்தக் கலவையை ஒலிபெருக்கியில் ஓடவிட்டு, அதன் முன்னே இன்னொரு மைக்கை வீசி வீசி மறுபடி பதிவுசெய்தார். மைக் நெருங்கி விலகும்போது டாப்ளர் விளைவால் சுருதி ஏறி இறங்கியது. வாள் காற்றில் சுழலும் உணர்வு அப்படித்தான் கிடைத்தது.

லேசர் துப்பாக்கியின் வெடிப்பு, வானொலிக் கோபுரத்தைத் தாங்கும் இழுகம்பியைச் சுத்தியலால் தட்டிப் பதிவுசெய்யப்பட்டது. வில்லன் டார்த் வேடரின் மூச்சு, நீருக்கடியில் நீந்துவோர் பயன்படுத்தும் சுவாசக் கருவியிலிருந்து வந்தது. ரோமம் அடர்ந்த வேற்றுலகப் பாத்திரமான சூபக்காவின் குரலில் கரடி, சிங்கம், வால்ரஸ் ஆகியவற்றின் குரல்கள் கலந்துள்ளன. ஆர்-டூ டி-டூ எந்திரனுக்குச் சிந்தசைசர் ஒலியோடு தம் சொந்தக் குரலையும் பர்ட் கொடுத்தார்.

‘ஸ்டார் வார்ஸ்’, ‘ரெய்டர்ஸ் ஆஃப் த லாஸ்ட் ஆர்க்’ படங்களுக்காக ஆஸ்காரின் சிறப்புச் சாதனை விருதுகளையும், ‘ஈ.டி.’, ‘இண்டியானா ஜோன்ஸ் அண்ட் த லாஸ்ட் குருசேட்’ படங்களுக்காக ஒலி விளைவுத் தொகுப்புக்கான ஆஸ்கார்களையும் இவர் பெற்றார். 2008இல் வந்த ‘வால்-ஈ’ படத்தில் ஒலிகளை அமைத்ததோடு, நாயகனான எந்திரனுக்குக் குரலும் தந்தார்.

அன்று டேப்பை வெட்டி ஒட்டிச் செய்த வேலையை இன்று கணினி செய்கிறது. ஆயினும் கேட்கும் சத்தங்களைக் கூர்ந்து கவனித்துச் சேகரித்து வைக்கும் பழக்கமே, இன்றும் ஒலித் தொகுப்பாளருக்கு முதல் தகுதி.