தொடை வழியே ஒரு தமனி மராமத்து

இதயத்திலிருந்து கிளம்பும் மகாதமனி வயிற்றுக்குள் இறங்கும்போது சுமார் 2 சென்டிமீட்டர் விட்டம் இருக்கும். வயதும் புகைப்பழக்கமும் ரத்தக் கொதிப்பும் அதன் சுவரை நலிவாக்கினால், பழைய சைக்கிள் ட்யூப் ஓரிடத்தில் புடைப்பதுபோல் உப்பத் தொடங்கும். 3 சென்டிமீட்டரை எட்டினால் அது வீக்கம். பெரும்பாலும் வலி கிடையாது. வெடித்தாலோ, பலருக்கு ஆஸ்பத்திரி போய்ச் சேரவே அவகாசம் இருக்காது.

ஐன்ஸ்டைனுக்கு வந்தது இதுதான். 1948-இல் நியூயார்க்கில் டாக்டர் ருடால்ஃப் நிசன் அவர் வயிற்றைத் திறந்து, வீங்கிய தமனியைச் செலோஃபேன் தாளால் சுற்றிவைத்தார். அந்தக் காலத்தில் அதுவே பெரிய வைத்தியம்! 1955-இல் வீக்கம் வெடித்தபோது, மறுபடி அறுவை வேண்டாம் என்று ஐன்ஸ்டைன் சொல்லிவிட்டார்.

இடையில் 1951-இலேயே பாரிஸில் ஷார்ல் துபோஸ்ட் வீங்கிய பகுதியை நீக்கி, இறந்தவர் ஒருவரின் தமனியைப் பொருத்திக் காட்டியிருந்தார். பிறகு டேக்ரான் துணிக்குழாய் வந்தது. ஆனால் வயிற்றை நீளமாகக் கிழித்து, மகாதமனியையே கவ்வி அடைத்துச் செய்யும் அறுவையை, இதயமும் நுரையீரலும் தளர்ந்த முதியவர் எப்படித் தாங்குவார்?

1990 செப்டம்பரில் பியூனஸ் அயர்ஸில் ஹுவான் பரோடி வேறு பாதையில் போனார். டேக்ரான் குழாயை, விரியும் உலோக வலையான ஸ்டென்ட்டுடன் தைத்து, தொடைத் தமனி வழியாக வயிற்றுக்குள் அனுப்பினார். அவருக்கும் முன்பே, 1987-இல், உக்ரைனின் கார்கிவ் நகரில் நிகோலாய் வொலோதோஸ் மார்புத் தமனியில் இதைச் செய்திருந்தார். ரஷ்ய மொழியில் எழுதியதால் உலகம் தாமதமாகவே கவனித்தது.

இன்றும் முறை அதுவே. இரு தொடை இடுக்குகளிலும் சிறு துளை. எக்ஸ்ரே திரையைப் பார்த்தபடி கம்பியை ஏற்றி, அதன்மேல் சுருட்டிய குழாயைச் செலுத்துகிறார்கள். சிறுநீரகத் தமனிகளுக்குச் சற்றுக் கீழே அது விரிந்து சுவரைப் பற்றிக்கொள்கிறது. ரத்தம் குழாய்க்குள் ஓட, வீக்கத்தின் மீதுள்ள அழுத்தம் குறைகிறது. வீக்கத்தை யாரும் வெட்டி எடுப்பதில்லை.

சிக்கலும் அங்கேதான். பிரிட்டனில் நடந்த ஒரு பெரிய ஆய்வில், முதல் 30 நாளில் இறந்தோர் திறந்த அறுவையில் 4.7 சதவீதம், ஸ்டென்ட் முறையில் 1.7 சதவீதம். ஆனால் எட்டு ஆண்டுகளுக்குப் பின் கணக்கு தலைகீழானது: குழாயைச் சுற்றிக் கசிவு ஏற்பட்டு, வீக்கம் வெடித்து இறந்தவர்கள் ஸ்டென்ட் குழுவில் அதிகம். அதனால்தான் ஆயுள் முழுக்க ஸ்கேன் கண்காணிப்பு தேவைப்படுகிறது. மருத்துவமனை விளம்பரங்கள் பேசாத பாதி இது.

ஆண்களுக்குப் பொதுவாக 5.5 சென்டிமீட்டரைத் தொட்ட பிறகே சிகிச்சை. வீக்கத்தைக் கண்டுபிடிக்க வயிற்றை அல்ட்ராசவுண்ட் ஸ்கேன் செய்தாலே போதும். 65 வயதைக் கடந்த, வாழ்நாளில் எப்போதாவது புகைபிடித்த ஆண்கள் ஒருமுறை அதை எடுத்துப் பார்த்துவிடுவது நல்லது.