கொல்லிமலை நீரும் ஆடிக் காற்றும்

காரவள்ளியிலிருந்து எழுபது கொண்டை ஊசி வளைவுகளில் முனகிக்கொண்டு ஏறும் பேருந்து, கொல்லிமலையின் உயரத்தை அடைவதற்குச் செலவிடும் சக்தியை டீசலின் விலையைக்கொண்டு எவரும் அறிந்துகொள்ளலாம். ஆனால் அறப்பளீசுவரர் கோயிலின் அருகே ஆகாயகங்கையாக விழுந்து, புளியஞ்சோலை வழியே திருச்சிராப்பள்ளி மாவட்டத்துக்குள் இறங்கும் ஐயாறு, அந்த உயரத்தின் சக்தியையெல்லாம் பாறைகளில் மோதிச் செலவழித்துவிட்டுப் போவதை அநேகர் கணக்கிட்டுப் பார்ப்பதில்லை. ஆயிரம் லிட்டர் நீர் நூறு மீட்டர் இறங்கினால், கால் யூனிட்டுக்குச் சற்று அதிகமான மின்சாரத்துக்குரிய வேலையைச் செய்யும் என்பது பௌதிக சாஸ்திரத்தின் மாறாத கணக்கு. இக்கணக்கை நம்பியே இம்மலையின் ஓடைகளைக்கொண்டு 20 மெகாவாட் நீர்மின் திட்டமொன்றைத் தமிழக மின்வாரியம் வகுத்தது.

பத்தாயிரம் மெகாவாட்டுக்கும் மேற்பட்ட காற்றாலைகளையுடைய மாநிலத்தில் இருபது மெகாவாட் சிறிய தொகைதான். எனினும் மின்சாரத்தின் மதிப்பு அளவில் மட்டுமின்றி, அது கிடைக்கும் காலத்திலும் இருக்கிறது. வைகாசி முதல் ஆவணி வரை ஆரல்வாய்மொழி, செங்கோட்டை, பாலக்காட்டுக் கணவாய்களின் வழியே வீசும் காற்று, ஐப்பசியில் ஓய்ந்துவிடுகிறது. அப்பொழுதுதான் வடகிழக்குப் பருவமழையினால் மலையோடைகள் பெருகுகின்றன. சூரியசக்தியோ வீடுகளில் விளக்கேற்றும் வேளையில் விடைபெற்றுக்கொள்ளும். ஆகவே உயரத்தில் தேக்கிவைத்த நீர், காற்றுக்கும் வெயிலுக்கும் இன்றியமையாத துணையாகிறது. ஆனைமலையின் காடம்பாறையில், தேவை குறைந்த நேரத்து மின்சாரத்தால் நீரை மேலேற்றி, தேவை மிகுந்த நேரத்தில் இறக்கி, 400 மெகாவாட் வரை பெறும் ஏற்பாடு 1980களிலேயே அமைந்துவிட்டது. நம் பொறியாளர்களின் அந்தத் தீர்க்கதரிசனத்தை நாம் போதிய அளவு போற்றவில்லை என்றே நினைக்கிறேன்.

காற்றையும் வெயிலையும் நீரையும் ஒன்றுக்கொன்று துணையாக்கும் இத்தகைய இணைப்பைத் தனியொரு ஸ்தாபனம் சாதித்துவிட முடியாது. தூத்துக்குடியை அடுத்த முள்ளக்காட்டில் 1986இல் பரீட்சார்த்தமாக நிறுவிய சில காற்றாலைகளுக்குப் பின்னர், மத்திய சர்க்காரின் ஆதரவும், மின்வாரியத்தின் கம்பித் தொடர்களும், டென்மார்க்கின் தொழில்நுட்ப உதவியும் சேர்ந்துதான் காற்றாலைத் துறை வளர்ந்தது. 1998இல் சென்னையில் காற்றுசக்திக்கென்றே ஓர் ஆராய்ச்சி நிலையம் தோன்றியது. 2013 டிசம்பர் 31 அன்று ராய்ச்சூர்–சோலாப்பூர் மின்பாதையால் தென்னாட்டு மின்தொகுப்பு ஏனைய பாரதத்தோடு ஒரே அலைவெண்ணில் பிணைந்தது. அதன்பின் நம் காற்றின் மிகுதி வடக்கே செல்லவும், நம் குறைவை வடக்கு நிரப்பவும் வழி பிறந்தது. 2015இல் பாரிஸில் இந்தியா உள்ளிட்ட இருபது நாடுகள், தூய சக்திக்கான ஆராய்ச்சிச் செலவை ஐந்தாண்டுகளில் இருமடங்காக்குவதென உறுதி பூண்டன.

அந்த ஆராய்ச்சியின் பயன் மலைவாசிகளின் வீட்டு முற்றம் வரை வந்து சேரவேண்டும். கொல்லிமலையின் சாமையை உணவாக்குவது எவ்வளவு கடினமென்பதை அருகிருந்து பார்த்தவர்களே அறிவார்கள்: கடுகினும் சற்றே பெரிய அதன் மணியை உமி விடாப்பிடியாகப் பற்றிக்கொண்டிருப்பதால், உரலிலிட்டுக் குத்துவதும், முறத்தில் புடைப்பதும், மீண்டும் குத்துவதுமாகப் பெண்களின் தோள்கள் ஓய்ந்துபோகும். அச்சிரமத்துக்கு அஞ்சியும், மரவள்ளிக்கிழங்குக்குக் கிடைத்த ரொக்க வருமானத்தை நாடியும், பல குடும்பங்கள் சிறுதானியங்களைக் கைவிட்டன. எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் சுய உதவிக் குழுக்களின் வாயிலாகச் சிறிய உமிநீக்கும் யந்திரங்களை இங்கே அறிமுகப்படுத்தியது. அந்த யந்திரம் ஓடும் நாழிகையில் மின்சாரம் தடைபடாதிருப்பது, மாபெரும் மின்தொகுப்புகளின் வெற்றிக்குக் குறையாத காரியம்.

மின்சாரத்துக்காக நீரை எடுப்பதிலும் இதுபோலப் பலரும் கூடிய ஒத்துழைப்பு வேண்டும். ஐயாறு அருவியாகப் பக்தர்களுக்கும், ஓடையாகக் காட்டுக்கும், பாசனமாகக் கீழ்நாட்டு உழவருக்கும் உரியது. ஆகவே பங்குனி, சித்திரை மாதங்களில் அதில் எவ்வளவு நீர் ஓடிக்கொண்டேயிருக்கவேண்டும் என்பதை, மின்வாரியப் பொறியாளரும் வனத்துறையினரும் பாசன அதிகாரிகளும், மலையாளிப் பழங்குடி மக்களின் கிராமசபைகளோடு கூடியிருந்து, ஆண்டுதோறும் அளந்து நிர்ணயிக்கவேண்டும். அந்த நீர் போக எஞ்சியதே மின்நிலையத்துக்கு.